செல்போனில் சிரித்த அம்மா, தாளில் மாறியது ஏன்?

“அண்ணாச்சி, இதைக் கொஞ்சம் பாருங்க. எங்க அம்மா மாதிரியா இருக்கு?”

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் வந்து நின்ற தம்பி இப்படித்தான் ஆரம்பித்தார். தூத்துக்குடி மாவட்டத்துக்காரர். விழிஞ்ஞம் துறைமுகத்தில் வேலை. கையில் ஓர் அட்டைக் குழல்; அதற்குள் சுருட்டி வைத்த பெரிய கலர் படம்.

விஷயம் இதுதான். இரண்டு வருஷங்களுக்கு முன் அவருடைய தாயார் மகனைப் பார்க்க விழிஞ்ஞத்துக்கு வந்திருந்தார். சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட கலங்கரை விளக்கம் பின்னால் தெரியும்படி அவரைக் கடலோரத்தில் நிறுத்தி, உடன் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் தம் செல்போனில் ஒரு படம் எடுத்தார். ஊரில் கல்யாண வீடுகளில் கேமராவைக் கண்டாலே முந்தானையால் முகத்தை மறைத்துக் கொள்கிற அந்த அம்மாள், அன்று என்னவோ வாய் விட்டுச் சிரித்து விட்டார். அடுத்த வருஷம் காலமாகி விட்டார். சிரித்த முகமாக அவருக்கு இருக்கும் படம் அது ஒன்றுதான்.

முதலாண்டு நினைவு நாளுக்குச் சுவரில் மாட்ட வேண்டும் என்று, ஆன்லைனில் ஆர்டர் பிடித்துப் படம் அச்சிட்டு அனுப்பும் ஒரு கம்பெனிக்குத் தம்பி பணம் கட்டினார். 12-க்கு 18 அங்குலம். பார்சல் நேரே ஊருக்குப் போயிற்று. பிரித்துப் பார்த்த தங்கை போனில் ஒரே அழுகை.

“இந்தப் படத்த மாட்டாதண்ணே. அம்மா எப்ப இம்புட்டு வெள்ளையா இருந்தா? நெத்தித் தழும்பு எங்க போச்சு?”

படத்தை விரித்துப் பார்த்தேன். தங்கை சொன்னதில் தவறே இல்லை. வெயிலில் உழைத்துக் கறுத்த முகம், மாவு பூசினாற்போல் வெளுத்து மஞ்சள் பாரித்திருந்தது. நெற்றியும் கன்னமும் மெழுகு மாதிரி வழவழ. கலங்கரை விளக்கத்தில் பாதியைக் காணோம். ஆனால் அதே படம் தம்பியின் செல்போனில் பளிச்சென்று இருக்கிறது!

ஊரை விட்டு வந்து பிழைக்கும் நமக்குப் போட்டோ என்பது வெறும் அலங்காரம் அல்ல. குழந்தையின் முதல் பிறந்த நாள், கிரகப் பிரவேசம், தாய் தகப்பன் முகம் எல்லாம் படமாகத்தான் நம்மிடம் வந்து சேர்கின்றன. முன்பு ஸ்டூடியோவுக்குப் போய் எதிரே நின்று கேட்டு வாங்கினோம். இன்று முகம் தெரியாத கம்பெனிக்கு விரல் நுனியால் ஆர்டர் கொடுக்கிறோம். படம் கெட்டு வந்தால் யாரிடம் போய்க் கேட்பது?

திருவனந்தபுரத்தில் பிலிம் காலத்திலிருந்து போட்டோ லேபில் வேலை பார்த்த மலையாளி நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. அவரிடம் தம்பியை அழைத்துப் போனேன். படத்தையும் செல்போனையும் மாறி மாறிப் பார்த்து விட்டு அவர் சொன்னார்: “கம்பெனிக்காரனைத் திட்டுவது அப்புறம். உங்கள் கையை விட்டுப் போகும் முன்பே இந்தப் படம் பாதி கெட்டு விட்டது.”

அவர் விளக்கியவற்றையும், அதன் பிறகு நாங்கள் செய்து பார்த்துத் தெரிந்து கொண்டதையும் வாசகர்களுக்குச் சொல்வதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

அசலா, நகலா?

அவர் கேட்ட முதல் கேள்வி: “இந்தப் படம் உங்கள் போனில் எடுத்ததா?”

இல்லை. நண்பர் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியது. குற்றம் அங்கேதான் ஆரம்பம். வாட்ஸ்அப் சாதாரணமாகப் படத்தை அப்படியே அனுப்புவதில்லை. சீக்கிரம் போய்ச் சேர வேண்டும் என்பதற்காகச் சுருக்கி அனுப்புகிறது. செல்போன் படம் என்பது வர்ணப் புள்ளிகளால் ஆன கோலம். நண்பரின் போன் எடுத்தது 4000-க்கு 3000, அதாவது ஒரு கோடியே இருபது லட்சம் புள்ளிகள். தம்பிக்கு வந்து சேர்ந்த நகலில் இருந்தது 1600-க்கு 1200. இருபது லட்சம்கூட இல்லை! ஆறில் ஒரு பங்குக்கும் குறைவு.

உள்ளங்கை அகலத் திரையில் இந்தக் குறை தெரியாது. தாளில்தான் வெளுக்கும். கையில் வைத்துப் பார்க்கும் படத்துக்கு அங்குலத்துக்கு 300 புள்ளிகள் இருந்தால் நல்லது. அதற்கு மேல் நம் கண்ணுக்குப் பெரிதாக வித்தியாசம் தெரியாது. சற்றுத் தள்ளி நின்று பார்க்கும் சுவர்ப் படத்துக்கு 150 முதல் 200 வரை போதும். தம்பியின் நகலை 18 அங்குல நீளத்துக்கு இழுத்தால், அங்குலத்துக்கு 89 புள்ளிகள்தான் கிடைக்கும். ஒரு படி அரிசியைப் பத்துப் படி பானையில் பரப்பின கதைதான். அதே நகலை 4-க்கு 6 அளவில் அச்சிட்டிருந்தால், அங்குலத்துக்கு 266 கிடைத்து, ஓரளவு நன்றாகவே வந்திருக்கும்.

சுருக்கும்போது இன்னொரு சேதமும் உண்டு. தோலின் நுண்ணிய வரிகள், தழும்பு, நரைமுடி இவற்றையெல்லாம் அநாவசியம் என்று கருதித் தேய்த்து விடுகிறது. தங்கை தேடிய நெற்றித் தழும்பு போன வழி அதுதான்.

ஆகவே முதல் விதி: படம் யாருடைய போனில் எடுக்கப்பட்டதோ அவரிடமிருந்து அசலைக் கேட்டு வாங்குங்கள். வாட்ஸ்அப்பிலேயே ‘டாக்குமெண்ட்’ என்ற வகையில் அனுப்பினால் சுருங்காமல் வரும். ஈமெயிலில் அனுப்பும்போது அளவைக் குறைக்கட்டுமா என்று கேட்டால், வேண்டாம் என்று சொல்லுங்கள். 2023-ல் வாட்ஸ்அப்பில் வந்த ‘எச்.டி.’ வசதி முன்னைக்குத் தேவலை. ஆனாலும் அசலுக்கு ஈடாகாது. ஸ்டேட்டஸில் வைத்த படம், திரையைப் பிடித்த ஸ்கிரீன்ஷாட் ஆகியவற்றைப் பெரிதாக அச்சிட அனுப்பவே கூடாது.

“மங்கின படத்தைத் தெளிவாக்கித் தரும் செயலிகள் இருக்கின்றனவே?” என்று தம்பி கேட்டார். அதையும் போட்டுப் பார்த்தோம். கண் இமை ஒவ்வொன்றும் தெரிகிற மாதிரி ஒரு முகம் வந்தது. ஆனால் அது அவர் அம்மா முகம் அல்ல! இல்லாத புள்ளிகளை அந்தச் செயலி எங்கிருந்து கொண்டு வரும்? இப்படித்தான் இருக்கும் என்று அதுவாக ஊகித்து வரைந்து விடுகிறது. கல்யாண மண்டபத் தோரணத்துக்கு அது போதும். பெற்றவள் முகத்துக்கு ஆகாது.

கறுப்பு ஏன் வெளுத்தது?

அடுத்தது நிறம். ஆர்டர் எடுக்கும் கம்பெனிகள் பலவற்றில், வரும் படங்களை இயந்திரமே ‘திருத்தி’ அச்சிடும் ஏற்பாடு இருக்கிறது. நாளொன்றுக்கு எத்தனையோ படங்கள் வரும் இடத்தில் ஒவ்வொன்றையும் ஆள் உட்கார்ந்து பார்க்க முடியாது. இயந்திரத்துக்கு அம்மா என்றும் கடல் என்றும் தெரியாது, சராசரிதான் தெரியும். படம் முழுக்க நீலக் கடலும் வானமுமாக இருந்தால், “நீலம் அதிகம்” என்று எண்ணி எதிர் நிறமான மஞ்சளைக் கூட்டுகிறது. முகம் இருட்டாக இருப்பதாகத் தோன்றினால் வெளிச்சத்தைக் கூட்டுகிறது. முகமும் சேர்ந்து வெளுத்து மஞ்சளாகிறது. கடற்கரைப் படங்களில் இந்தக் கோளாறு அதிகம் வருவதற்குக் காரணம் இதுவே.

இந்தச் சங்கடம் புதிதல்ல. கலர் பிலிம் பரவிய காலத்தில் அமெரிக்காவின் கோடாக் கம்பெனி, லேபுகள் நிறத்தைச் சரி பார்ப்பதற்காக ஒரு மாதிரிப் படத்தை அனுப்பி வந்தது. அதில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண். ‘ஷெர்லி கார்டு’ என்று தொழிலில் அதற்குப் பெயர். அவள் தோல் சரியாகத் தெரிந்தால் எல்லாம் சரி என்று கணக்கு! கறுத்த முகங்கள் அந்தக் கணக்கில் அடிபட்டுப் போயின. மாற்றம் கேட்டுக் குரல் கொடுத்தவர்களில் சாக்லேட் கம்பெனிகளும் மரச் சாமான் விற்பவர்களும் உண்டு என்பது வேடிக்கையான உண்மை. தங்கள் சரக்கின் கபில நிறங்கள் படத்தில் பிரிந்து தெரியவில்லை என்பது அவர்கள் புகார். பல நிறத்துப் பெண்களும் இருக்கும் மாதிரி அட்டை 1990-களில்தான் வந்தது.

நம் நாட்டில் அதற்கு முன் கறுப்பு வெள்ளைதானே வழக்கம். 1960-ல் நிறுவப்பட்டு 1967-ல் உற்பத்தி தொடங்கிய ஊட்டி ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலையின் ‘இந்து’ பிலிமில் எடுத்த குடும்பப் படங்கள் இன்னும் எத்தனையோ வீடுகளில் இருக்கும். அதில் மஞ்சள் பாரிப்பதும் நீலம் ஓடுவதுமான தொல்லை இல்லை. ஆனால் அப்போதும் ஸ்டூடியோக்காரர் நெகடிவில் பென்சிலால் ‘டச்சப்’ செய்து பெண்ணைச் சிவப்பாக்கித் தந்தார். நாமும் கேட்டு வாங்கினோம். இன்று அதே வேலையை, நாம் கேட்காமலே, செல்போனில் உள்ள ‘பியூட்டி’ வசதி செய்கிறது. அதை அணைக்காமல் எடுத்த படத்தில் அழிந்த தழும்பை எந்த லேபும் திரும்பக் கொண்டு வராது.

எனவே ஆர்டர் கொடுக்கும் பக்கத்தில் ‘ஆட்டோ கரெக்‌ஷன்’, ‘என்ஹான்ஸ்’ என்ற கட்டங்கள் இருந்தால் டிக் அடையாளத்தை எடுத்து விடுங்கள். கட்டம் இல்லையென்றால், “நிறம், வெளிச்சம் எதையும் திருத்த வேண்டாம்” என்று குறிப்பு எழுதிக் கேளுங்கள். வாடிக்கையாளர் பிரிவுக்குப் போன் செய்து கேட்பதிலும் தப்பில்லை. பணம் கொடுப்பவர் நாம்தானே!

திரை வேறு, தாள் வேறு

“திருத்த வேண்டாம் என்றும் சொன்னேன், ஆனாலும் படம் இருட்டாக வந்தது” என்பவர்கள் உண்டு. காரணம் எளிது. செல்போன் திரை என்பது தானே ஒளி விடும் விளக்கு. தாளோ, தன் மேல் விழும் வெளிச்சத்தைத் திருப்பித் தருவது. திரையின் வெளிச்சத்தை முழுதும் ஏற்றி வைத்துக் கொண்டு, “படம் பிரமாதம்” என்று நாம் அனுப்பி விடுகிறோம். தாளுக்கு அந்த விளக்கு கிடையாது.

படத்தைத் தீர்மானிக்கும் முன், அறைக்குள் உட்கார்ந்து திரை வெளிச்சத்தைப் பாதியாகக் குறையுங்கள். இரவில் கண்ணுக்கு இதமாக மஞ்சளாக்கும் வசதியை அணையுங்கள். வர்ணத்தைத் தூக்கிக் காட்டும் ‘விவிட்’ என்பதை விட்டு ‘நேச்சுரல்’ அல்லது ‘ஸ்டாண்டர்டு’ என்பதற்கு மாற்றுங்கள். இப்போது தெரிவதுதான் ஏறக்குறைய தாளில் வரப் போவது. இருட்டாகத் தோன்றினால் வெளிச்சத்தைச் சிறிது கூட்டிச் சேமித்துக் கொள்ளலாம். அசலை மட்டும் தொடாதீர்கள். பிரதி எடுத்து அதில் செய்யுங்கள்.

ஆபீஸிலோ வீட்டிலோ கம்ப்யூட்டர் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. படத்தின் நிறங்களைக் குறிக்கப் பல கணக்குகள் உண்டு. 1996-ல் வெளியான ‘எஸ்.ஆர்.ஜி.பி.’ என்பதுதான் அநேகமாக எல்லா லேபுகளுக்கும் பொது மொழி. 2016-ல் வந்த ஐபோன் 7 முதல் ஐபோன்கள் ‘டிஸ்ப்ளே பி-3’ என்ற அகலமான கணக்கில் படம் எடுக்கின்றன. அந்தக் குறிப்பை லேப் இயந்திரம் படிக்காமல் விட்டால் நிறங்கள் சோகை பிடித்து வரும். எஸ்.ஆர்.ஜி.பி.க்கு மாற்றி, ‘ஜே.பெக்’ கோப்பாக, உயர்ந்த தரத்தில் சேமித்து அனுப்புவது உத்தமம்.

இவ்வளவு செய்தும் சில நிறங்கள் வராது. துறைமுகத் தொழிலாளர் அணியும் ஒளிரும் பச்சை மஞ்சள் மேலங்கியை எடுத்துக் கொள்ளுங்கள். கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரையும் வெளிச்சமாக மாற்றித் தருவதால்தான் அந்தத் துணிக்கு அந்தப் பளபளப்பு. சாதாரண போட்டோத் தாளுக்கு அந்த வித்தை தெரியாது. மயில் கழுத்துப் பட்டு, பார்க்கும் கோணத்துக்கு ஒரு நிறம் காட்டும். தாள் ஒன்றைத்தான் காட்டும். இதற்கெல்லாம் லேபைக் கோபித்துப் பயனில்லை. முகமும் வெள்ளை வேட்டியும் சரியாக வந்தால், படம் சரி.

ஓரம் வெட்டுப்படுவது

கலங்கரை விளக்கம் பாதி காணாமல் போன மர்மம் வெறும் கணக்கு. செல்போன் படம் சாதாரணமாக 4-க்கு 3 என்ற அளவில் இருக்கும். 4-க்கு 6, 12-க்கு 18 தாள்களோ 3-க்கு 2. தாள் முழுதும் நிரம்ப வேண்டுமானால் படத்தில் ஒன்பதில் ஒரு பங்கு வெளியே போய்த்தான் ஆக வேண்டும். நிமிர்த்திப் பிடித்து எடுத்த படத்தில் பக்கங்கள் போகும். படுக்க வைத்து எடுத்த கோஷ்டிப் படத்தில் பின் வரிசைக்காரர் தலையும் முன் வரிசைக்காரர் காலும் போகும். 12-க்கு 16 போன்ற அளவு கிடைத்தால் வெட்டே இல்லை. கிடைக்காவிட்டால் ‘வெள்ளை ஓரத்துடன் முழுப் படம்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

ஒன்பதில் ஒரு துண்டு

இனிச் சொல்லப் போவது லேப் நண்பர் கற்றுக் கொடுத்த தந்திரம். இதை மட்டும் நினைவில் வைத்தாலே போதும்.

12-க்கு 18 தாளை நீளத்தில் மூன்றாகவும் அகலத்தில் மூன்றாகவும் மடித்தால், 4-க்கு 6 அளவில் ஒன்பது கட்டங்கள். ஆகவே பெரிய படம் ஆர்டர் கொடுக்கும் முன், முகம் இருக்கும் பகுதியை மட்டும், முழு அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு வருமாறு, 4-க்கு 6 என்ற விகிதத்தில் வெட்டுங்கள். அதை ஒரு சாதாரண 4-க்கு 6 படமாக அச்சிட்டு வாங்குங்கள். பெரிய படத்தில் முகம் எந்த அளவில், எவ்வளவு கூர்மையாக வருமோ, அதே அளவில், அதே கூர்மையில் இந்தத் துண்டில் தெரியும்! சில ரூபாயில் சோதனை முடிந்து விடும். பெரிய படத்தையும் அதே கம்பெனியில், அதே வகைத் தாளில் கொடுக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

நாங்கள் மூன்று துண்டுகள் போடச் சொன்னோம். ஒன்று உள்ளபடி, இரண்டாவது சற்று வெளிச்சம் கூட்டி, மூன்றாவது இன்னும் கூட்டி. வந்ததும் டியூப் லைட்டின் கீழ் பார்க்காமல், காலையில் ஜன்னலோரம் வைத்துப் பார்த்தோம். இரண்டாவதுதான் சரி.

தாளிலும் யோசனை தேவை. ‘கிளாஸி’ என்ற பளபளப்புத் தாளில் கூர்மையும் கறுப்பின் ஆழமும் அதிகம். ஆனால் கேரளத்து மழைக் கால ஈரத்தில் அது கண்ணாடியோடு ஒட்டிக் கொண்டால் பிரிக்கும்போது படம் கிழிந்து வரும். கண்ணாடிச் சட்டம் போடுகிறவர்கள் ‘மேட்’ தாள் வாங்குவதோடு, படத்துக்கும் கண்ணாடிக்கும் இடையே அட்டை வைக்கச் சொல்வதும் நல்லது.

எடுக்கும்போதே ஜாக்கிரதை

விழிஞ்ஞத்துக் கடற்காற்றில் உப்பு இருக்கிறது. செல்போன் லென்ஸில் அது மெல்லிய படலமாகப் படிந்து, படத்தைப் புகை மூட்டமாக்கி விடும். எடுக்கும் முன் சுத்தமான பருத்தித் துணியால் துடையுங்கள். விரலால் இழுத்துப் பெரிதாக்காமல் நாலடி முன்னே நடந்து போய் எடுங்கள். நடுப்பகல் வெயிலில் கண்ணுக்குக் கீழே நிழல் விழும். காலையோ மாலையோ நல்லது. பின்னால் வெயிலில் மின்னும் கடல் இருந்தால், திரையில் முகத்தின் மேல் விரலால் ஒரு முறை தொடுங்கள். போன் முகத்துக்கு ஏற்றபடி வெளிச்சத்தை வைக்கும்.

தழும்பு கிடைத்தது

தம்பிக்கு வருவோம். படம் எடுத்த நண்பர் குஜராத்துக்கு வேலை மாறிப் போயிருந்தார். போன் செய்தபோது, “போன் நிரம்பிப் போச்சு, பழைய படத்தையெல்லாம் அழிச்சுக்கிட்டு இருக்கேன்” என்றாராம். தம்பிக்கு நெஞ்சே நின்று விட்டது. நல்ல வேளை, விழிஞ்ஞத்துப் படங்கள் வரை அவர் இன்னும் வரவில்லை. அன்று இரவே டாக்குமெண்டாக அசல் வந்து சேர்ந்தது.

இந்த முறை திருத்தம் வேண்டாம் என்று எழுதி, மேலும் கீழும் ஒவ்வோர் அங்குலம் வெள்ளை ஓரம் விட்டு, அதே 12-க்கு 18 தாளில் பெரிய படம் வந்தது. அங்குலத்துக்கு 250 புள்ளிகள். கலங்கரை விளக்கம் முழுதாக நிற்கிறது. அந்த அம்மாளின் முகம் எந்த நிறமோ அந்த நிறம். நினைவு நாளுக்கு நாலு நாள் முன்னதாகவே தம்பி ஊருக்கு எடுத்துப் போனார்.

தங்கை என்ன சொன்னார் என்று கேட்டேன்.

“ஒண்ணும் சொல்லல அண்ணாச்சி. நெத்தித் தழும்ப ஒரு தடவ தொட்டுப் பாத்தா. அவளே ஆணியும் சுத்தியலும் எடுத்துட்டு வந்துட்டா.”

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பெரியவர்களின் நல்ல படம் வேறொருவர் போனில் இருக்குமானால், இன்றைக்கே அசலைக் கேட்டு வாங்கி இரண்டு இடங்களில் பத்திரப்படுத்துங்கள். அச்சிடுவதை அடுத்த மாதச் சம்பளத்தில் பார்த்துக் கொள்ளலாம். அழிந்து போன அசலை எந்தச் சம்பளத்திலும் வாங்க முடியாது.